தைம் செடி நல்லபடியா இருக்கு

தென்காசி,
ஆகஸ்ட் 9

அன்பு மகன் முகம்மது சலீமுக்கு, வாப்பா மசூது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் உம்மா ராபியாவும் இங்கு சுகம். தம்மாம் வெயிலுக்கும் உன் சூப்பர்வைசருக்கும் நடுவில் நீயும் அவ்வாறே சுகமாயிருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம்.

நிற்க. போனை எடுப்பதில்லை என்று கோபப்படாதே. சாரல் காலத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடைப்பதில்லை. ஆகையால் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல இதை எழுதுகிறேன். உன் கேம்பில் இருக்கும் ஆலங்குளம் பிரின்ஸ் லீவு முடிந்து இன்று திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன லீவில் உம்மாவின் இருமலுக்கு என்று நீ விதை கொண்டுவந்து மாடித் தொட்டியில் போட்டுவிட்டுப் போன தைம் செடி அமோகமாக இருக்கிறது. ஆனால் ஒன்று, குத்தாலத்துக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு ஈரம் ஆகாத செடியை வளர்க்கச் சொன்ன புத்திசாலி இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தாம்லே. ஊரெல்லாம் சாரல் விழணும்னு கேக்கு, நான் ஒருத்தன் மட்டும் நிக்கணும்னு கேட்டேன். தண்ணியக் குறைச்சு ஊத்தணும்னு நீ சொன்னதுக்கு உம்மா, “பச்சப்புள்ளயப் பட்டினி போட்டா வளருமா?”ன்னு எனக்குத் தெரியாம தெனமும் அரிசி களைஞ்ச தண்ணிய ஊத்தியிருக்கா. சாரல் படாம இருக்கட்டும்னு மேல பாய்விரிச்ச மாதிரி பிளாஸ்டிக் தாள் கட்டுனேன், காத்து அதத் தூக்கிட்டுப் போயி அடுத்த வீட்டு வல்லிநாயகம் அண்ணாச்சி மேலயே போட்டுச்சு. பொறவு குடையப் பிடிச்சுக்கிட்டு நான் தொட்டிப் பக்கத்துல நின்னா, தெருவுல போறவன், “என்ன பாய், மாடியில மீன் பிடிக்கியளா?”ங்கான். ஒரு குரங்கு வந்து கொப்பு ஒடிச்சு மோந்து பாத்துட்டு என் தலையில எறிஞ்சுட்டுப் போச்சு. அதுக்கு உள்ள அறிவு உம்மாவுக்கு இல்ல, ஒரு கைப்பிடி இலைய மீன் ஆணத்துல போட்டுட்டா, தலைவலித் தைலம் தேச்ச மீனு மாதிரி இருந்துச்சு. முள்ளத் தவிர மிச்சம் வைக்காமத் தின்னேன். கடைசியில அண்ணாச்சி சொன்னபடி ஆத்து மணல் கலந்து வச்சபொறவு செடி பிழைச்சுக்கிடுச்சு.

இருமல் கொறஞ்சிருக்குன்னு எழுதச் சொல்லுதா. கொறஞ்சிருக்கு. இந்த இடத்துல எழுத்து கோணலா இருக்கும், அவ முதுகத் தடவ எந்திரிச்சேன். “அத எதுக்கு எழுதுதிய, கோடு போட்டு அடிங்க”ங்கா. அடிச்சுட்டேன். ரெண்டு மாசமா செடியப் பாக்க மாடிக்குப் போகல. படி ஏற முடியலன்னு எழுதப் போனேன், நேரம் இல்லன்னு எழுதணுமாம். மூணு தடவ டாக்டர்ட்ட போகலாம்னு ஆட்டோவ வாசலுக்கே கூட்டியாந்தேன். “என் புள்ள கையால வச்ச மருந்து இருக்கையில எனக்கு ஊசி எதுக்கு?”ன்னு திருப்பி அனுப்பிட்டா. காலையும் சாயந்திரமும் இலையக் கொதிக்க வச்சு, வடிகட்டி, தேன் ஊத்தி நான்தான் கொண்டாந்து கொடுக்கேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டா. புதுக் கம்பெனியில வருசம் முடியாம லீவு கேட்டா வேலை போயிரும், அதனால வார எண்ணமே வேண்டாம்னு உம்மா கண்டிப்பாச் சொல்லுதா.

உன் உழைப்பில் பரக்கத்தையும் உடம்பில் ஆரோக்கியத்தையும் தந்து, உன்னை எங்கள் கண்ணில் காட்ட அல்லாஹ் போதுமானவன். வல்லிநாயகம் அண்ணாச்சி உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
வாப்பா மசூது

(உம்மா முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சரி சொல்லிவிட்டாள்.)

பி.கு.: இத பஸ் ஸ்டாண்டுல பிரின்ஸ் பெட்டி மேல வச்சு எழுதுதேன். உம்மா பக்கத்துல இல்ல. அவளுக்கு வாசிச்சுக் காட்டும்போது அவ அடிக்கச் சொன்னதையெல்லாம் விட்டுட்டுத்தான் வாசிச்சேன். சிக்னல் நல்லாத்தான் இருக்கு, இருமல் உனக்குக் கேட்டுரும்னு போன எடுக்க விடமாட்டேங்கா. செடி ஜூன்லயே அழுகிப் போச்சுலே. ரெண்டு மாசமா அவ குடிக்கது அண்ணாச்சி வீட்டுத் துளசித் தண்ணி. அவளுக்கு மணமும் தெரியல, ருசியும் தெரியல, அதனால கண்டுபிடிக்கல. நேத்து அவ முந்தானையில ரத்தம் பாத்தேன். கேட்டா வெத்தலைச் சாறுங்கா. உங்க உம்மா என்னைக்குலே வெத்தல போட்டா? பிரின்ஸ் தன் போன்ல கூப்பிடவான்னு கேட்டான், உன் குரலக் கேட்டா நான் அழுதுருவேன், வேண்டாம்னுட்டேன். எனக்குப் பயமா இருக்கு. செடி செத்துப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான் அவ ஆஸ்பத்திரிக்கு வருவா. அத அவ மூஞ்சியப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லலே. வேலை போனாப் போகட்டும், நீ வந்து சொல்லு.