அணைக்கட்டை ருசி பார்த்த உப்பண்ணை

உலகத்தில் மண் அணைக்கட்டு ஒன்றை நாக்கால் பரிசோதிக்கும் மனிதர் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் இறுப்பிட்டியில் இருக்கிறார். சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாம். ஊருக்கு அவர் உப்பண்ணை.

எங்கள் குளக்கட்டின் நீளம் என் காலடிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. உப்பண்ணையின் காலடிக்கு இருநூற்று நாற்பது. எது சரி என்று இரண்டு மாரிகாலம் வாதாடினோம். கட்டுக்கு ஒரு பக்கம் மழைத்தண்ணீர். மறுபக்கம் கடல் ஏறி இறங்கும் உவர்வெளி. கட்டு உடைந்தால் குளம் ஒரே பகலில் கடலுக்குப் போய்விடும். உவர் உள்ளே வரும். சுற்றியுள்ள பதினேழு கிணறுகளின் தண்ணீரையும் வாயில் வைக்க முடியாது. அதன் பிறகு தண்ணீர் பவுசர் வண்டி எப்போது வரும் என்று வீதியைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே உப்பண்ணை ஒவ்வொரு காலையும் கட்டின் வெளிப்பக்க அடியில் நடப்பார். ஈரம் கண்ட இடத்தில் குனிந்து, விரலைத் தோய்த்து, நாக்கில் வைத்துக் கண்ணை மூடுவார். உப்பென்றால் அது கடலின் ஈரம், பயமில்லை. உப்பில்லை என்றால் குளம் கசிகிறது. ஊர் விவசாயிகளின் கமக்காரர் சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் பின்னால் நடந்து கொப்பியில் எழுதுவேன்.

"முதலாம் இடம், உப்பு. ரெண்டாம் இடம், உப்பு. மூண்டாம் இடம்... கொஞ்சம் பொறும் தம்பி... உப்பு. ஆனால் நேற்றையிலும் குறைவு. குறைவு எண்டதுக்குக் கீழை கோடு போடும்."

போட்டேன்.

ஒருமுறை கனடாவிலிருந்து வந்த ஒருவர், தகப்பனாரின் நினைவாகக் கட்டு நெடுகத் தென்னம்பிள்ளைகள் நட்டார். படம் எடுத்தார்கள், வடை கொடுத்தார்கள். வடை முடிவதற்குள் உப்பண்ணை பதினொரு பிள்ளைகளையும் பிடுங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டார்.

"அது என்ரை அப்பாவின்ரை பேரிலை வைச்சது!" என்று கனடாக்காரர் பாய்ந்தார்.

"தென்னை பட்டுப்போய் வேர் உக்கினால், கட்டுக்குள்ளை குழாய் தாட்ட மாதிரி. உம்மடை கொப்பர் நல்ல மனுசன். இந்தக் கட்டை உடைக்க ஒருநாளும் நினைக்கேல்லை. அவரின்ரை பேரிலை நீர் ஏன் துவங்கிறீர்?"

தென்னம்பிள்ளைகள் கனடாக்காரரின் வீட்டு வளவுக்கே போய்ச் சேர்ந்தன. இப்போது நன்றாக நிற்கின்றன.

மூன்றாம் இடத்தின் உப்பு குறைந்துகொண்டே போனதால், மழைக்கு முன் கட்டைத் திருத்தித் தரும்படி குளங்களைப் பார்க்கும் அரச அலுவலகத்துக்கு எழுதினோம். பதிவேட்டில் அப்படியொரு கட்டே இல்லை என்று பதில் வந்தது.

"பதிவிலை இல்லாத கட்டு உடைஞ்சால், கிணறு உவராகாதாமோ?" என்று உப்பண்ணை என்னைக் கேட்டார். அதையும் எழுதி அனுப்பினேன். பரிசோதிக்க ஆள் அனுப்புவதாக அடுத்த பதில் வந்தது.

அதற்கிடையில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. "நல்ல தண்ணி வருது! நல்ல தண்ணி வருது!" என்று உப்பண்ணை முதலாம் இடத்தில் நின்று கத்தினார். வேறு ஊரில் இப்படிக் கேட்டால் குடத்தோடு ஓடுவார்கள். நாங்கள் மண்வெட்டியோடு ஓடினோம். பூசை முடிந்து வந்த அந்தோனி, வெள்ளைச் சட்டையோடு மண்மூட்டை சுமந்தான். கடலிலேயே வளர்ந்தவன், தானும் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தான்.

"அண்ணை, இது சுத்தக் கடல் தண்ணியெல்லோ! காலமை என்ன குடிச்சனீங்கள்?"

"பிளேன்ரீ, வெறும் தேத்தண்ணி."

"பனங்கட்டி கடிச்சோ?"

உப்பண்ணை நாக்கை வாய்க்குள் சுழற்றினார். கன்னத்துக்குள் இன்னும் ஒரு துண்டு இருந்தது.

ஊர் ஒன்பது நாள் சிரித்தது. மாரி முடியும்வரை பனங்கட்டி தொடுவதில்லை என்று அவர் சத்தியம் செய்தார். பத்தாம் நாள் காலை என் வாசல் படலையில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"தம்பி, மூண்டாம் இடம். நல்ல தண்ணி. தேத்தண்ணியும் குடிக்கேல்லை. நான் கத்தினால் இனி ஒருத்தரும் வரமாட்டினம்."

நல்லவேளையாக, பரிசோதனைக்கு வருவதாகச் சொன்ன உத்தியோகத்தர் அன்றுதான் வந்தார், இளம் பெண். படிவத்தை விரித்து, "கசிவை என்ன முறையிலை அவதானிச்சனீங்கள்?" என்றார்.

"நாக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கொப்பியைக் கேட்டு வாங்கினார். நான்கு கிழமையாக 'குறைவு', ஒவ்வொன்றின் கீழும் கோடு. பிறகு உப்பை அளக்கும் கருவியை முதலாம் இடத்தில் வைத்தார், இலக்கம் ஏறியது. மூன்றாம் இடத்தில் வைத்தார், விழுந்தது. கடைசியில் தானே குனிந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஓம் ஐயா. நல்ல தண்ணிதான். இண்டைக்கே வெட்டிப் பாக்க வேணும்."

வெட்டினால், நண்டு துளைத்த வழி குளம்வரை போயிருந்தது. நான்கு நாள் களிமண் இட்டு இறுக்கினோம். சிரித்தவர்கள் எல்லாரும் மண் சுமந்தார்கள், அந்தோனி முதலாவதாக. கட்டும் பதிவேட்டில் ஏறியது. படிவத்தில் பரிசோதனை முறை 'உவர்த்தன்மை ஒப்பீடு' என்றிருந்தது. அதில் உப்பண்ணைக்குத் திருப்தியில்லை.

"நாக்கு எண்டே எழுதியிருக்கலாம் பிள்ளை," என்றார்.

ஆறாம் நாள் மழை பிடித்தது. குளம் நிரம்பி, மேலதிகத் தண்ணீர் அதற்கென்று விட்ட வழியால் அமைதியாக வழிந்தது. கட்டு அசையவில்லை. பதினேழு கிணறுகளும் நல்ல தண்ணீர். நானே நடந்து பார்த்து எழுதினேன். அன்று அவருக்கு ஒரு துண்டு பனங்கட்டி நீட்டினேன்.

"மாரி இன்னும் முடியேல்லை தம்பி," என்று நடந்துவிட்டார்.

உண்மைதான், இன்னும் முடியவில்லை. என் அலுமாரியின் மேல்தட்டில் ஓர் ஓலைக் குட்டான் பனங்கட்டி அவருக்காக இருக்கிறது. எறும்பு எங்காவது வழி கண்டுவிட்டதா என்று ஒவ்வொரு காலையும் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கட்டுக்குப் போகிறேன்.