விபத்தில்லாத அறுபத்திரண்டு நாட்கள்

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். உங்கள் மூட்டுவலியும் மாமாவின் குறட்டையும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் மகளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து வர வேண்டாம். பெயிண்ட் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகப் பாதுகாப்பு அதிகாரியாக இருந்து நானூறு பேரைக் கட்டிக்காக்கிற எனக்கு, ஒரே ஒரு கர்ப்பிணியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதா? அவள் இல்லாத வீட்டில் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஏழாம் மாதம் பிறந்ததுமே களத்தில் இறங்கிவிட்டேன். குளியலறையில் ரப்பர் விரிப்பு, படிகளின் விளிம்பில் மஞ்சள் கறுப்பு நாடா, சமையலறைக் கதவில் 'ஓடாதீர்' அட்டை, கூடத்தில் எங்கள் கம்பெனியில் இருப்பது போலவே 'விபத்தில்லாத நாட்கள்' என்று ஒரு கரும்பலகை. தினமும் காலையில் நானே எண்ணை மாற்றுவேன். இரும்புச்சத்து மாத்திரைக்கு ஒரு விசில், தண்ணீருக்கு இரண்டு விசில் என்று ஏற்பாடு செய்தேன். மூன்றாம் நாள் விசிலைக் காணோம். கேட்டால், "எனக்கென்னங்க தெரியும், நீங்கதானே பாதுகாப்பு அதிகாரி" என்கிறாள்.

டாக்டரம்மா தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொன்னார். தெருவில் ஆபத்துக்கா குறைவு? ஆகவே ஹெல்மெட் போட்டுக்கொண்டு பத்தடி முன்னால் நான் போவேன், கற்களைப் பொறுக்குவேன், நாய்களிடம் சமாதானம் பேசுவேன், சைக்கிள்காரர்களைக் கைகாட்டி நிறுத்துவேன், திட்டு வாங்குவேன், பின்னால் அவள் எனக்கு யாரோ என்பது போல வருவாள். முந்தாநாள் மாலை திரும்பிப் பார்த்து, "பாத்து வா, இங்க ஒரு பள்ளம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே குழாய்க்குத் தோண்டிய அந்தப் பள்ளத்துக்குள் நான் போய்விட்டேன். "எந்தப் பள்ளம்ங்க?" என்று கேட்டவள், என்னைக் காணாமல், "ஓ, இதுவா" என்றாள். தையல்காரரும் பால்காரரும்தான் தூக்கிவிட்டார்கள். ஒன்பது மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சிரிப்பு உடம்புக்கு நல்லதுதான் என்று பொறுத்துக்கொண்டேன்.

வலது கணுக்காலில் மாவுக்கட்டு. மற்றபடி ஒரு குறையும் இல்லை. உங்கள் மகள் தனியாக நடந்துவிட்டு முகம் தெளிந்து வருகிறாள். பரிசோதனையில் அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்குத்தான் ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறதாம். நேற்றிலிருந்து என் மாத்திரை நேரத்துக்குச் சமையலறையிலிருந்து விசில் சத்தம் கேட்கிறது. நானும் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.

பலகையில் இன்று அறுபத்திரண்டு. நான் விழுந்தது வீட்டுக்கு வெளியே என்பதால் கணக்கில் சேராது. எனவே நீங்கள் வரக் காரணமே இல்லை.

மாமாவுக்கும், பிறக்கப்போகிறவர் சார்பில் உங்களுக்கும் வணக்கங்கள்.

இப்படிக்கு,
பொறுப்புள்ள மாப்பிள்ளை

பின்குறிப்பு: அம்மா, நான்தான். தபால் பெட்டி வரைக்கும் நடக்கப்போறது நானாச்சே, அதனால படிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வா. எனக்காக இல்ல, நான் இங்க சௌக்கியமா இருக்கேன். குழந்தை பிறக்கிற வரைக்கும் இவரைக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கோ. பலகையில சைபர் போட்டு அதையும் கூடவே அனுப்புறேன். விசில் மட்டும் என்கிட்டயே இருக்கட்டும்.