பவர் இல்லாத கண்ணாடி

"கண்ணாடியைக் கழட்டிட்டுச் சொல்லும்மா, நான் தெரியறேனா?"

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி அவளை வேலைக்கு எடுத்த அன்று கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"குரல் மட்டும் தெரியுது சார்."

"நாளைக்கே வந்துடு."

பள்ளியில் 'சோடாபுட்டி' என்று அழவைத்த அதே கண்ணாடி அவளுக்குச் சோறு போட்டது. தடித்த வில்லைகளுக்குப் பின்னால் கடுகளவு கண்களோடு அவள் நின்றாலே வருகிறவர்களுக்கு ஒரு தெம்பு. 'இவளுக்கு நம்ம கண்ணு தேவலை' என்று சந்தோஷமாக ஃபிரேம் வாங்கிப் போனார்கள். முதலாளியும் அகலமான கறுப்பு ஃபிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு முழங்குவார்.

"லேசராம், லென்ஸாம்! மூக்குன்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்கு?"

அப்படிப்பட்டவரிடம் தங்கை வீட்டுக்குப் போவதாக லீவு சொல்லிவிட்டு, அவள் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கருவிழி மெல்லிசு, பவரும் அதிகம், லேசர் சரிப்படாது என்று கைவிரித்த டாக்டர்தான் இதைச் சொன்னார். உள்ளே ஒரு மெல்லிய வில்லை, வெளியே தெரியாது, வேண்டாமென்றால் எடுத்தும் விடலாம். குளியலறை மூலையில் கிடப்பது சோப்பா பல்லியா என்று தெரியாமல் வாழ்ந்தது போதுமென்று அவளும் தலையாட்டினாள். வைத்த மறுநாள் காலை பல்லி பல்லியாகவே தெரிந்தது. சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

அழுது முடித்ததும்தான் கடை ஞாபகம் வந்தது.

"வேலை போயிடுமேடி!"

"பழைய ஃபிரேம்ல வெறும் கண்ணாடியைப் போட்டுக்கோக்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள் தங்கை.

முதல் நாளே தெரிந்தது. "முன்னே கண்ணு குட்டியா இருக்குமே, இப்ப முழுசா இருக்கு?" என்று கேட்டார் ஒரு வாடிக்கைக்காரர்.

"இப்பல்லாம் நல்லாத் தூங்கறேங்க" என்று உளறினாள்.

முதலாளி காதில் அது விழுந்தது. "பவர் மாறியிருக்கும். உட்காரு, பார்த்துடலாம்."

எழுத்துப் பலகையின் கடைசி வரிக்குக் கீழே இருந்த அச்சகத்தின் பெயர்கூட அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"மேல இருக்கே பெரிய எழுத்து, அது என்ன?"

"பலகை எந்தப் பக்கம் சார்?"

முதலாளி தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் பக்கத்தில் நின்றபடியே எதிர்ச்சுவரைப் பார்த்தார். "கடைசி வரியில ஒரு ஈ உட்கார்ந்திருக்கு பாரு, அதாவது தெரியுதா?"

"ஈயா? எங்க சார்?"

"ஐயையோ, ரொம்ப ஏறிப்போச்சே!" என்று பதறினார். அன்றைக்கே புது வில்லை போட்டுத் தன் கையாலேயே அவள் மூக்கில் மாட்டினார். "என் அன்பளிப்பு. இனிமே இதைக் கழட்டவே கூடாது."

உலகம் சுருங்கிக் கலங்கித் தலை சுற்றியது. வாசலில் நின்ற விளம்பர அட்டை மனிதனை, "வாங்க சார், உட்காருங்க" என்று உபசரித்தாள். ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நிஜ மனிதரின் வழுக்கையை, ஃபிரேம் மாட்டிவைக்கும் பொம்மைத் தலை என்று நினைத்துத் துணியால் பளபளவென்று துடைத்தாள்.

பொம்மைத் தலை எழுந்து நின்றது. "உங்க கடைக் கண்ணாடியைப் போட்டா இந்தக் கதிதானா?"

அவர் போன பிறகு முதலாளி பல்லைக் கடித்தார். "இன்னொருத்தர் இப்படி எழுந்து போனா, நீயும் பின்னாலேயே போயிடும்மா."

சொன்னாலும் வேலை போகும், சொல்லாவிட்டாலும் போகும். சொல்லிவிட்டுப் போனால் தலைசுற்றலாவது மிஞ்சாது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு, "சார், ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது.

"கூலிங் கிளாஸ் இருக்குங்களா?"

உருவம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் குரல்! ஆபரேஷன் அறையில் 'அசையாம இருங்கம்மா' என்று தலைமாட்டில் நின்று அதட்டிய நர்ஸின் குரல். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"கடை மூடியாச்சுங்க!" என்று கத்தினாள்.

அதே நொடியில் பின்னாலிருந்து முதலாளியும் கத்தினார். "கடை மூடியாச்சு!"

நட்டநடுப் பகல். நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட, ரெண்டு பேரும் ஒரே கடைதானா? அதான் அவங்கவங்க லென்ஸ் வச்ச அன்னிக்கு ரெண்டு பேரும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு அதையே சொல்லி அழுதீங்களா, 'கடையில மட்டும் தெரிஞ்சுடக் கூடாது சிஸ்டர்'னு!"

அவள் மெல்லத் தன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

முதலாளி தன் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தார். அட்டை மனிதன்மேல் தோள்கூட உரசாமல் லாவகமாக விலகித் தெருவில் இறங்கிப் போனார்.