கிளட்ச் இல்லாத வண்டியில் நாலு மாடி கேக்

வண்டியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் மச்சினன் பீட்டர். வண்டி அவனுடையது. வலது கணுக்கால் சுளுக்கிக் கட்டுப் போட்டிருந்தான். பின்னால் என் மனைவி மேரி. அவளுக்குப் பக்கத்தில் சம்பந்தியம்மா. கேக்கில் தன் மகன் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று பார்க்க வந்தவர். இருவர் மடியிலுமாகப் பலகையோடு கேக். நாலு மாடி.

அன்று சாயந்திரம் குன்னூர் சர்ச்சில் என் மகளுக்குக் கல்யாணம். ஊட்டி பேக்கரியிலிருந்து கேக்கைக் கீழே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நான் இருபத்திரண்டு வருடம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து லாரி ஓட்டியவன். பீட்டர் வண்டி ஆட்டோமேட்டிக். வாங்கிய நாளிலிருந்து அதைக் கேலி செய்து வந்தேன். இறக்கத்தில் இரண்டாவது கியர் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கியர் என்று நான் முடிவு செய்ய வேண்டும், வண்டி செய்யக் கூடாது. (இதை என் வாயால் கேட்காத சொந்தக்காரர் கிடையாது.)

"மாமா, இதுல கிளட்ச் இல்லீங்க. இடது கால சும்மா வெச்சுக்கோங்க" என்றான் பீட்டர்.

"எனக்கே சொல்றியா?"

அருவங்காடு வரை சும்மா வைத்திருந்தேன். அப்புறம் ஒரு இறக்கம். வண்டி தன் இஷ்டத்துக்கு ஓடியது. வளைவு வந்தது. கை கியருக்குப் போனது. இடது கால் கிளட்சை மிதித்தது. லாரி கிளட்சை மிதிக்கிற மிதி.

அங்கே இருந்தது பிரேக்.

வண்டி நின்றது. கேக் நிற்கவில்லை. மேல் மாடி இரண்டு சீட்டுக்கும் நடுவே பறந்து வந்து கியர் மேல் உட்கார்ந்தது. மாப்பிள்ளை பெயர் அதில்தான் இருந்தது.

"ஏனுங்க, என்னாச்சு?" என்றாள் மேரி.

"கியர் மாத்தினேன்."

"எந்தக் கியருங்க மாமா?" என்றான் பீட்டர்.

"பேரு சரியாத்தானுங்க எழுதியிருந்தாங்க" என்றார் சம்பந்தியம்மா.

கர்சீப்பால் கியரைத் துடைத்துவிட்டு ஓட்டினேன். அடுத்த வளைவில் கால் மறுபடியும் மிதித்தது. இரண்டாவது மாடியும் மூன்றாவதில் பாதியும் சம்பந்தியம்மாவின் பட்டுச்சேலைக்குப் போயின.

"மாமா, அந்தக் கால மடிச்சு அது மேலயே உக்காருங்க."

உட்கார்ந்தேன். சர்ச் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நின்றிருந்தார்கள். ஒற்றைக் காலில் போய் இறங்கினேன். மடித்த கால் மரத்துப் போயிருந்தது. மேரி என்னைப் பார்க்கவில்லை. சம்பந்தியம்மா முந்தானையிலிருந்த கிரீமை வழித்தபடி கேட்டார்:

"பொண்ணு வண்டி ஓட்டுமாங்க?"

"ஓட்டாதுங்க."

"அப்பச் சரிங்க. கல்யாணத்தப் பாக்கலாம்."

அப்போதுதான் மூச்சு வந்தது.

இறக்கத்துக்கென்றே அந்த வண்டியில் தனியாக 'எல்' என்று ஒன்று உண்டு, கியரை அதில் தள்ளினால் போதும் என்று பீட்டர் மறுநாள் சொன்னான்.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"நீங்க இருபத்திரண்டு வருச டிரைவராச்சுங்களே."

இன்றும் சொல்கிறேன். மலைக்குக் கியர் வண்டிதான். யாரும் மறுப்பதில்லை. நான் எந்த வண்டியில் ஏறினாலும், ஓட்டுவது வேறு ஆளாக இருந்தாலும், சம்பந்தியம்மா மட்டும் "அந்தக் காலுங்க" என்பார். மடித்துக்கொள்வேன்.

கல்யாண போட்டோ கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் கேக்கின் மாடிகளை எண்ணுகிறார்கள்.

ஒன்றரை.