டைமண்ட் மென்டரும் ஒரு தோள்பட்டையும்

இணையத்தில் தன்னைத் தானே புகழ்ந்து எழுதிக்கொள்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகவே ஆகாது. "இன்று காலை ஓர் ஆட்டோ ஓட்டுநர் எனக்குத் தலைமைப் பண்பைக் கற்றுக்கொடுத்தார்" என்று ஆரம்பிப்பார்கள். அந்த மனுஷன் மீட்டருக்கு மேல் இருபது ரூபாய் கேட்டிருப்பார், அவ்வளவுதான். எனக்கு ஏன் இத்தனை எரிச்சல் என்றால், நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அதுவும் சாதாரண ஆள் இல்லை, டைமண்ட் மென்டர். (சிரிக்காதீர்கள், பெயருக்குப் பக்கத்தில் மினுக்மினுக்கென்று ஒரு வைரப் படமே போட்டுக் கொடுத்தார்கள்.)

ஹைதராபாத் ஜீடிமெட்லாவில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் க்யூ.ஏ. என்கிற தர உறுதிப் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிவைக்கும் ரெக்கார்டுகளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் வேலை. (பிறவியிலேயே வந்த திறமை என்பார் என் கணவர்.) எங்கள் தொழிலில் எழுதினதை அழிக்கக் கூடாது. வெள்ளை மை தடவக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால், பழசு தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, தேதி, காரணம். கம்பெனியைச் சோதிக்கும் ஆடிட்டர் வருவதற்கு முந்தின நாள் உட்கார்ந்து ரெக்கார்டைத் திருத்துகிறவனைப் போலக் கேவலமான பிறவி எங்களுக்குக் கிடையாது. அப்படிப் பிடிபட்டவர்களை என் மேஜைக்கு முன்னால் நிற்கவைத்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை கேள்வி கேட்டவள் நான்.

அந்தத் தொழிற்சாலையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாமனார் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். "ஏம்மா அலையணும்? கொஞ்ச நாள் வீட்டுல இரேன்" என்றார், அன்பாகத்தான். அந்தக் 'கொஞ்ச நாள்' எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். என் நாத்தனார் அப்படித்தான் கொஞ்ச நாள் இருந்தார். இப்போது அவர் மகன் கல்லூரிக்குப் போகிறான். ஒரு காலையில் மாமியார் என் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் வைத்தார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்து காலை வேலையெல்லாம் என் தலையில் விழுவதற்குள் ஒரு வேலை கிடைக்காவிட்டால் அந்த டப்பா கீழே இறங்கப்போவதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் என் கொழுந்தன் விக்னேஷ் ஆலோசகர் வேஷம் கட்டினான். ஐ.டி.யில் இருக்கிறான். 'உங்களை நீங்களே பிராண்ட் ஆக்குவது எப்படி' என்று ஏதோ ஒரு ஓட்டலில் நடந்த பயிலரங்கத்துக்குப் போய், சமோசா தின்று, சான்றிதழோடு திரும்பியிருந்தான்.

"அண்ணி, எல்லாரும் இருக்கிற பெரிய சைட்ல போய் நின்னா உங்களை யாரு பார்ப்பா? பெரிய கல்யாணத்துல கடைசி வரிசையில நிக்கிற மாதிரி, போட்டோவுல தலைகூட விழாது. யாருக்கும் தெரியாத சின்னச் சின்ன சைட்டா பிடிங்க. சின்ன நிச்சயதார்த்தம்னா நடுவுல நீங்கதான்."

"யாருக்கும் தெரியாத சைட்டுக்கு வேலை கொடுக்கிறவங்க மட்டும் எப்படிடா வருவாங்க?"

"ஹவ் அண்ணி, இப்படித்தான் கேப்பீங்கன்னு தெரியும். டென்ஷன் நக்கோ. ரெசூமேல எல்லா லிங்க்கையும் வரிசையா போட்டுடுங்க. உங்க பேரைத் தேடினா முதல் பக்கம் பூரா நீங்கதான் நிக்கணும்."

அவன் பிறந்ததிலிருந்து ஹைதராபாத், வாயைத் திறந்தால் 'ஹவ்' (ஆமாம்), 'நக்கோ' (வேண்டாம்) என்று மூன்று மொழி. ஒன்றிலும் உருப்படியாக ஒன்றும் வராது. கொஞ்சம் அறிவுள்ளவள் அங்கேயே எழுந்து போயிருப்பாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

அடுத்த சில வாரங்களில், மனிதர்கள் கைவிட்டுப் போன தளங்களில் எல்லாம் குடியேறினேன். ஒன்றில் அவரவர் வேலை செய்யும் மேஜையைப் படம் எடுத்துப் போட வேண்டும். (சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு எடுத்தேன்.) இன்னொன்று அறிவியல் வல்லுநர்களுக்கானது. அங்கே எனக்கு முதல் நண்பராக வந்தவர் கோழித்தீவனம் விற்கிறவர், எத்தனை மூட்டை வேண்டும் என்று விசாரித்தார். மூன்றாவதில் வாயைத் திறக்கும் உறுப்பினர்கள் இரண்டே பேர். ஒருவன் விக்னேஷ். எல்லாவற்றுக்கும் ஒரே புகைப்படம்தான், எங்கள் கல்யாண ரிசப்ஷனில் எடுத்தது. நான் லட்சணமாகச் சிரித்திருக்கும் படம் வேறு இல்லை. கணவரை எப்படி வெட்டினாலும் அவருடைய இடது தோள்பட்டை மட்டும் போக மறுத்தது. மெரூன் கோட்டு, அதில் தங்க நிற ஜரிகைக் கொடி, என் காதோரம் அசையாமல் நின்றது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அசட்டுத்தனம் வீட்டோடு போயிருக்கும். என்னைக் கவிழ்த்தது வேலை தேடுகிறவர்களுக்கான ஒரு கேள்வி-பதில் தளம். யாராவது சந்தேகம் கேட்பார்கள், நாம் பதில் எழுத வேண்டும். எழுத எழுதப் பட்டம் தருவார்கள். எனக்கே வேலை இல்லை, வேலை வாங்குவது எப்படி என்று ஊருக்கு வகுப்பெடுத்தேன். படித்தவர்களுக்கும் வேலை இல்லை, அதனால் நிறையக் கைதட்டினார்கள்.

இன்டர்வியூவில் உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால் என்ன சொல்வது? டைமண்ட் மென்டரின் பதில்: "'எடுத்த காரியம் நூறு சதவீதம் சரியாக இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது' என்று சொல்லுங்கள். எதிரில் இருக்கும் முட்டாள் தலையாட்டிக் குறித்துக்கொள்வார். அவருக்கும் வேறு கேள்வி தெரியாது." பதில் தெரியாவிட்டால்? "கொஞ்ச நேரம் கூரையைப் பாருங்கள். யோசிப்பதாக நினைத்துக்கொள்வார்கள்." (எழுதியதெல்லாம் இங்கிலீஷில். தமிழில் கொஞ்சம் மானத்தோடு சொல்லியிருக்கிறேன்.) எல்லாம் என் முழுப்பெயரோடு, சிரித்த முகத்தோடு, என் கணவருடைய தோளோடு.

அழைப்பும் வந்தது! பேகம்பேட்டில் அலுவலகம், பட்டான்செருவில் தொழிற்சாலை, நல்ல பெயருள்ள கம்பெனி. விக்னேஷ் தன் செலவில் இனிப்பு வாங்கிவந்து "சொன்னேன்ல?" என்று வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். மாமியார் மறுபடி ஸ்டூல் போட்டு டப்பாவை இறக்கினார்.

இன்டர்வியூவுக்கு முந்தின நாள் மாலை, ரெசூமேயில் இருந்த லிங்க்கைத் தட்டிப் படித்துவிட்டு என் கணவர் அறைக்குள் வந்தார்.

"சுபா, இதெல்லாம் நீயா எழுதின? அவங்க படிச்சா என்ன ஆகும்?"

"இதை எல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க."

"அப்ப எதுக்கு எழுதின?"

டைமண்ட் மென்டர் லேப்டாப்பைத் திறந்தாள். அவசரமாக அழிக்கப் போனேன். கைதட்டு வாங்கிய பதிலை அழிக்க முடியாது, திருத்தத்தான் முடியும் என்றது தளம். சரியென்று உட்கார்ந்து திருத்தினேன். 'முட்டாள்' என்ற இடத்தில் எல்லாம் 'அனுபவசாலி' ஆக்கினேன். ரொம்பத் திருப்தியாகத் தூங்கினேன்.

மறுநாள் பேகம்பேட்டில் என்னைப் பேட்டி கண்டவர் பத்மஜா என்ற அம்மாள், அந்தக் கம்பெனியின் க்யூ.ஏ. தலைவர். பக்கத்தில் ஹெச்.ஆர். பையன் ஒருவன். "நான் சென்னையில கொஞ்ச வருஷம் இருந்தேன், தமிழ்லயே பேசலாம்" என்றார் அவர், அழகான தெலுங்கு இழுப்போடு. தொழில் சம்பந்தமான கேள்விகளுக்கு எல்லாம் நன்றாகவே பதில் சொன்னேன். வேலை கிடைத்தாற்போலத்தான் என்று மனத்துக்குள் டப்பாவில் எலுமிச்சை சாதம் கட்ட ஆரம்பித்திருந்தேன்.

"உங்க பலவீனம் என்ன?"

கூரையைப் பார்த்தேன். ஹெச்.ஆர். பையனும் அண்ணாந்து பார்த்தான்.

"அங்க ஏதாவது எழுதியிருக்கா?" என்றார் பத்மஜா.

"எடுத்த காரியம் நூறு சதவீதம் சரியா இல்லேன்னா எனக்குத் தூக்கம் வராது மேடம்."

அவர் தலையாட்டவும் இல்லை, குறித்துக்கொள்ளவும் இல்லை. தன் லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் திருப்பினார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன், தோள்பட்டையோடு.

"அடுத்த வரியில நான் தலையாட்டணும்னு போட்டிருக்கீங்க. 'அனுபவசாலி'ன்னு மரியாதையாத்தான் இருக்கு. ஆனா கீழ 'பழைய வடிவம்'னு ஒண்ணு காட்டுதே, அதுல வேற வார்த்தை." அதையும் வாசித்தார். ஹெச்.ஆர். பையன் இருமினான். அந்தப் பாழாய்ப்போன தளம் பழசையும் புதுசையும் அடுத்தடுத்து வைத்து, திருத்திய நேரத்தையும் போட்டிருந்தது. எங்கள் தொழிலில் எப்படிச் செய்ய வேண்டும் என்று நான் ஊருக்கெல்லாம் சொன்னேனோ அப்படியே செய்திருந்தது.

"என்னைத் திட்டினது பரவாயில்லை. நானும் இன்டர்வியூவுல பொய் சொன்னவதான்" என்றார் பத்மஜா. "ஆனா நேத்து சாயங்காலம் திருத்தியிருக்கீங்க. ஆடிட்டுக்கு முந்தின நாள் ரெக்கார்டைத் திருத்துற ஆளை உங்க பிளான்ட்ல என்ன பண்ணுவீங்க?"

"வேலையை விட்டு அனுப்பிடுவோம் மேடம்."

"இதுதான் மனப்பாடம் பண்ணாத பதில்" என்றார். "டீ குடிச்சிட்டுப் போங்க."

வீடு வரும்வரை ஆட்டோவில் அழுதேன். வேலை கிடைக்காத துக்கம் பாதி. நான் எத்தனையோ பேரைக் கேட்ட கேள்வி எனக்கே வந்த அவமானம் மீதி. அவர்களுக்கு யாரும் டீ கூடக் கொடுத்ததில்லை. வீட்டில் மாமியார் என் முகத்தைப் பார்த்தார். டப்பாவைக் கழுவித் துடைத்து, பரணில் ஏற்றாமல் அடுப்பு மேடையிலேயே கவிழ்த்து வைத்தார். அதற்காகவே அவர் இன்றுவரை என்ன சொன்னாலும் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. (பெரும்பாலும்.)

கடைசியில் வேலை வாங்கித் தந்தது பழைய தொழிற்சாலைத் தோழி ஸ்ரீலதாவின் ஒரு போன்தான். பட்டான்செருவில் சின்னக் கம்பெனி. லிங்க் எதுவும் கேட்கவில்லை, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வர முடியுமா என்று மட்டும் கேட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்த அன்று என் டப்பாவும் திறந்தது.

சில வருஷம் கழித்து, பல கம்பெனிக்காரர்களுக்கு ரெக்கார்டு நேர்மை பற்றி ஒரு பயிற்சி நடந்தது. பேசவந்தவர் பத்மஜா. 'செய்யக் கூடாத திருத்தம்' என்று திரையில் ஒரு படம் வந்தது. பெயரை மறைத்திருந்தார்கள். முகத்தைக் கலங்கலாக்கியிருந்தார்கள். மெரூன் தோள்பட்டை மட்டும் ஜரிகை ஒவ்வொன்றும் எண்ணும்படி பளிச்சென்று நின்றது. அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. பக்கத்தில் இருந்த ஸ்ரீலதா, "எவ இவ, இவ்வளவு மண்டு?" என்றாள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டில் வந்து சொன்னபோது என் கணவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தோள் தெளிவா தெரிஞ்சுதா?" அன்றிலிருந்து விக்னேஷ் யாரிடமும் அவரை அண்ணன் என்று அறிமுகப்படுத்துவதில்லை. "எங்க குடும்பத்துல ஆன்லைன்ல பிரபலமான ஒரே உறுப்பு இவரோட இடது தோள்" என்கிறான்.

போன மாதம் ஒரு கல்யாணம். வேண்டாம் என்று நான் கெஞ்சியும் அதே மெரூன் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். சாப்பாட்டு வரிசையில் ஒரு பெண், ஏதோ மருந்துக் கம்பெனியாம், அவரையே உற்றுப் பார்த்தாள். "சார், உங்களை எங்கேயோ பார்த்திருக்கேனே?"

நான் தட்டை வைத்துவிட்டு நழுவினேன். திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண்ணுக்கு ஞாபகம் வரட்டும் என்று என் கணவர் இடது தோளைத் திருப்பிக் காட்டி நின்றுகொண்டிருந்தார்.