ஆமா போடும் சீலன் சார்

"இதையா சார் அந்த ஆபீஸர் முன்னால வைக்கப் போறீங்க?"

தலைமையாசிரியை பிரிஸில்லா சுண்டுவிரலால் சுட்டிக்காட்டியது, தமிழாசிரியர் பாக்கியசீலன் ஒரு வருடமாகப் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டு சொல்லிக்கொடுத்து வந்த வில்லை. வளைத்த மூங்கில். நாணுக்கு நைலான் கொடிக்கயிறு. அதில் மாட்டின் கழுத்துமணிகள். குடத்துக்குப் பதில் சத்துணவுக்கூடத்து அண்டா. சோறு தீர்ந்த பிறகுதான் பாட்டு ஆரம்பிக்கும்.

"ஓசை நல்லா வரும் டீச்சர்."

"காக்கா விரட்டவும் நல்லா வரும். நாளைக்கு மெட்ராஸ்லருந்து பாக்க வாராவ. கலைக்கு மானியம் கிடைச்சா வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு வில்லுப்பாட்டு. கிடைக்கலைன்னா கணக்கு."

சீலன் சாருக்குப் பாலாம்பாள் ஞாபகம் வந்தது. கணக்கு என்றால் அவள் என்ன ஆவாள்? ஏழாம் வகுப்புப் பிள்ளை. கணக்குப் பாடத்தில் பெஞ்சு மேல் நின்றே வளர்ந்தவள். வில்லுக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவள் ராணி. வாரம் முழுக்கத் தலையைக் குனிந்திருக்கும் அவளைப் போன்ற ஏழெட்டுப் பேர் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

அதில் ஒரே ஒரு சிக்கல். வில்லுப்பாட்டில் தலைப்பாட்டுக்காரர் ஒரு வரியைச் சொல்லி நிறுத்தினால், பக்கத்தில் ஒருவர் "ஆமா!" என்று எடுத்துக்கொடுக்க வேண்டும். அந்த வேலைக்குப் பிள்ளைகள் யாரும் வரவில்லை. எல்லாருக்கும் ராணியாகத்தான் ஆசை. ஆகவே சாரே ஆமா போட்டார். போட்டுப் போட்டு அது நாக்கில் ஒட்டிக்கொண்டது. போன வாரம் அவர் மனைவி சாரம்மாள், "எங்க அம்மா இங்கன வந்தாலே உங்களுக்கு ஆகாது…" என்று மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ஆமா!" என்றார் சார், தாளம் தப்பாமல்.

அன்றிலிருந்து வீட்டில் பழைய சோறுதான்.

சாயந்திரமே அவர் ஆற்றைக் கடந்து அக்கரைக்கு ஓடினார். அங்கே வில்லுப்பாட்டுக்காரர் பூதத்தானிடம் அசல் வில் இருந்தது.

"வில்லு மட்டும் தனியா வராது வாத்தியாரே. கண்டவனும் நாணை அடிச்சு அத்துப்புடுவான். எம் பிள்ளைக ரெண்டும் கூட வரும். பாட்டையும் அதுகளே பாடிரும்."

"அதுக வேற பள்ளிக்கூடமாச்சே அண்ணாச்சி!"

"இருக்கட்டும் வே. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டைதான. உங்க பள்ளிக்கூடத்துல ரிப்பன் என்ன நிறம்?"

"பச்சை."

பூதத்தான் ஒரு மஞ்சப்பையைக் கவிழ்த்தார். சிவப்பு, ஊதா, மஞ்சள், பச்சை என்று ரிப்பன்கள் கொட்டின. அதில் பச்சையை உருவி எடுத்தார். என்ன ஒரு முன்யோசனை என்று சார் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் காலை திருச்செந்தூர் போகிற பஸ்ஸில் பூதத்தான் பிள்ளைகளோடு வில் வந்தது. வரும்போதே வம்பையும் கொண்டுவந்தது. பாதயாத்திரையைப் பாதியில் விட்டுப் பஸ் ஏறிய பக்தர்கள் அதைக் காவடி என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். வில்லை இறக்க விடவில்லை. "முருகனுக்குப் போறத நடுவழியில இறக்குதீரே, உமக்கு நல்லாருக்கா வே?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். சார் வில்லைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினால், பள்ளி வாசலில் ஜீப் நிற்கிறது.

கலை மன்றத்து அதிகாரி சாய்கிருஷ்ணன் மெலிந்த மனிதர். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் இழுத்து, முடிக்காமல் அந்தரத்தில் நிறுத்திவிட்டு எதிரில் இருப்பவரைப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. அதைக் கேட்டதுமே சார் நாக்கை மடித்து வைத்துக்கொண்டார்.

"சார், நான் எங்க உக்கார?" என்று பாலாம்பாள் வந்து நின்றாள். புதுப் பச்சை ரிப்பன் கட்டிய இரண்டு பிள்ளைகள் அவள் இடத்தில் இருந்தார்கள்.

"நீ… அந்த ஓரமா உக்காரு தாயி. இன்னைக்கு ஒரு நாள்தான்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு ஓரத்துக்குப் போனாள். பெஞ்சு மேல் நிற்கச் சொன்னாலும் இப்படித்தான் ஏறுவாள். சார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"இந்த ரெண்டும் எந்த வகுப்பு?" என்று காதருகே கேட்டார் தலைமையாசிரியை.

"புதுசா சேந்தது டீச்சர்."

"எனக்குத் தெரியாமலா?"

நல்லவேளையாகப் பாட்டு ஆரம்பித்தது. பூதத்தான் பெற்ற பிள்ளைகள் வெளுத்து வாங்கினார்கள். வீசுகோல் நாணில் விழுந்த வேகத்தில் மேஜை மேலிருந்த காளிமார்க் சோடா பாட்டில் நடுங்கியது. அதிகாரி முகத்தில் மட்டும் ஒன்றும் நடுங்கவில்லை. பாட்டு முடிந்ததும் மூத்த பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியாம்மா?"

அவள் பழகியவள்போல் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

"உங்க ஹெட்மாஸ்டர் பேரு என்ன?"

"தேவசிகாமணி சார்!" என்றாள் கணீரென்று.

பிரிஸில்லா டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை தன் சொந்தப் பள்ளிக்கூடத்து ஞாபகத்தில் உளறிவிட்டதே என்று சார் வில்லுக்குப் பின்னால் ஒண்டினார். அதுதான் அவர் செய்த பெரிய தப்பு. அது அவர் ஆமா போடும் இடம்.

அதிகாரி அவரை நோக்கித் திரும்பினார். "பாக்கியசீலன் சார்… பிள்ளைங்க பிரமாதமா பாடுறாங்க…"

"ஆமா!"

"வில்லும் பரம்பரை வில்லு மாதிரி இருக்கு…"

"ஆமா!"

சார் உதட்டைக் கடித்துக்கொண்டார். பலனில்லை.

"ஆனா இந்த வில்லு இந்தப் பள்ளிக்கூடத்தோடது இல்லை…"

"ஆமா!"

தலைமையாசிரியை இருமினார். அதைத் தாளம் என்று நாக்கு எடுத்துக்கொண்டது.

"இந்த ரெண்டு பிள்ளைங்களும் இரவல்தான்…"

"ஆமா!"

"மானியத்துக்காக நீங்க எங்களை ஏமாத்தப் பார்த்திருக்கீங்க…"

சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். விரலிடுக்கு வழியாக அது பிதுங்கி வந்தது.

"…ஆமா!"

சார் எழுந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஐயா, தப்பு என்னுது. பிள்ளைகள் மேல ஒண்ணுமில்ல. எங்ககிட்ட ஒரு குழு இருக்கு. நிசமாவே இருக்கு. பாக்கதுக்குத்தான் நல்லாருக்காது."

"கொண்டாங்க, பார்ப்போம்."

மூங்கில் வந்தது. அண்டா வந்தது. அடியில் ஒட்டியிருந்த சாம்பார்த் துளியோடுதான் வந்தது. பாலாம்பாள் ஓரத்திலிருந்து எழுந்து வந்து உட்கார்ந்து, ரிப்பனை இறுக்கிக்கொண்டு, கொடிக்கயிற்றில் கோலை வீசினாள். ஆற்றில் வெள்ளம் வந்த கதை. பாதியில் ஒரு மணி அறுந்து அதிகாரியின் காலடிக்கு உருண்டது. அவள் நிறுத்தவில்லை. "போன மணி போகட்டும், வந்த வெள்ளம் வடியட்டும்" என்று அதையும் பாட்டில் சேர்த்துப் பாடினாள். தப்பான இடத்தில் ஒருமுறை, சரியான இடங்களில் பலமுறை சார் ஆமா போட்டார்.

அதிகாரி எதையோ எழுதினார். பேனாவை மூடினார். "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை அறைக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

"திங்கக்கிழமை கணக்கு வாத்தியாருக்குச் சொல்லிருதேன்," என்று போகிற போக்கில் சொன்னார் பிரிஸில்லா டீச்சர். அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சார் வாசல் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். பிள்ளைகளிடம் என்ன சொல்வது? இதற்குக்கூட ஒரு ஆமா இருக்கிறதா?

ஜீப் டிரைவர் நூகு, வண்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உள்ளூர்க்காரர்.

"என்ன சார், மூஞ்சி இப்படித் தொங்குது? மானியம் உங்களுக்குத்தான். இந்த ஜில்லாவுல உங்களுக்கு மட்டுந்தான். ஐயா உள்ள டீச்சர்ட்ட சொல்லிட்டிருக்காவ."

சார் நம்பவில்லை. "விளையாடாதிய அண்ணாச்சி. நாந்தான் கையும் களவுமா மாட்டிக்கிட்டேனே! வில்லு இரவல், பிள்ளைக இரவல்…"

நூகு வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"இந்த வாரம் பூரா எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இதே வில்லு, இதே ரெண்டு பிள்ளைகதான சார், இரவலான்னு ஐயா ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டுக்கிட்டேதான் வாராவ, ஒத்துக்கிட்ட மொத ஆளு நீங்கதான்!"