பெட்டை என்று நீ கொடுத்த எவாஞ்சலின்

கள்ளிக்குப்பம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மைத்துனன் ஆன்சனுக்கு மாமா பிரகாசம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்காள் ரோஸியும் நலம். பூந்தமல்லியில் நீயும் உன் மனைவி எவாஞ்சலினும் நலமா? நீ கொடுத்த கோழிகள் மிக மிக நலம். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை.

தை மாதம் அட்டைப்பெட்டியில் மூன்று குஞ்சுகளைக் கொண்டுவந்து, "மூணும் பெட்டை மாமா, ஆறு மாசத்துல முட்டை துன்னு துன்னு சலிச்சிப் பூடுவீங்க" என்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? உன் அக்காள் அதை அப்படியே நம்பி, கொல்லையில் வலையடித்து, கூடையில் வைக்கோல் பரப்பி, தெருவில் எல்லோருக்கும் முட்டை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். மூன்றில் வெள்ளையாக அழகாக இருந்ததற்கு, மரியாதைக்காக உன் மனைவியின் பெயரையே வைத்தாள். ஆனி போய் ஆடியும் வந்தது, முட்டை வரவில்லை. ஒருநாள் விடியுமுன் கொல்லையில் யாரோ துருப்பிடித்த ஷட்டரை இழுப்பது போலச் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எவாஞ்சலின் கழுத்தை நீட்டி நீட்டிக் கூவப் பழகிக்கொண்டிருக்கிறது.

கோழிக்கடை சுலைமானைக் கூட்டிவந்தேன். தூக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, இது சேவலு. கழுத்து எறகு எப்டி கூரா கீது பாரு. இன்னும் ஒரு மாசம் போனா தெருவையே எழுப்பும்" என்றார். ஒரே வாரத்தில் எழுப்பிவிட்டது. அதோடு வயசுத் திமிர் வேறு. என்னைக் கண்டாலே இறக்கையைத் தாழ்த்திக்கொண்டு பாய்கிறது. என் வீட்டுக் கொல்லைக்கு நான் குடையை விரித்துக்கொண்டு போகிறேன், மழைக்காக அல்ல.

மற்ற இரண்டில் ஒன்று, நான் கிட்டே போனாலே தரையோடு பதுங்கி உட்கார்ந்துவிடும். வாதம் என்று நினைத்து, கட்டைப்பையில் வைத்து ஆட்டோவில் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா யுவராணி தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்ல சார், முட்டை வைக்கிற வயசு. இப்படித்தான் பதுங்கும்" என்றார். நாயோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆவடியில் ராணுவ டாங்கிக்கே பழுது பார்த்தவன் நான், ஆன்சன்.

சரி, வயசு வந்தது, முட்டை எங்கே? பக்கத்து வீட்டு பக்தவத்சலம் தினமும் மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "இன்னா சார், மனுசன் தூங்க வாணாமா? கார்ப்பரேஷனுக்கு எழுதிப் போட்டுருவேன்" என்பார். மன்னிப்புக் கேட்டு வரலாம் என்று நேற்று காலை உன் அக்காள் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நம் பெட்டைகள் இரண்டும் மதில் தாண்டிப் போய், அவருடைய மோட்டார் ரூம் கோணிமேல் முட்டையிட்டுவிட்டு வருகின்றனவாம். "அதுங்க எங்க ஊட்டாண்ட வந்து வெக்கிது, நான் இன்னா பண்றது?" என்றாராம். கூவினால் என் கோழி, முட்டையிட்டால் அவர் கோழி.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வந்து மூன்றையும் கொண்டுபோய்விடு. இல்லாவிட்டால் சுலைமான் கடைக்குத்தான் போகும்.

பிள்ளை ஷெர்வினுக்கு எங்கள் முத்தங்கள். மாதா உங்கள் மூவரையும் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
நொந்துபோன மாமா
பிரகாசம்

பி.கு.: இன்று புதன். கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. விடிந்தும் கூவல் கேட்கவில்லை. என்னால் படுத்திருக்க முடியவில்லை. "எவாஞ்சலின், எவாஞ்சலின்" என்று கூப்பிட்டுக்கொண்டே தெருமுனை வரை போனேன், இதை உன் மனைவியிடம் சொல்லாதே. எதிரே பக்தவத்சலம் லுங்கியோடு வந்தார். "இன்னா சார், சத்தத்தையே காணோம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா அதுக்கு?" என்றார். இருவரும் சேர்ந்து தேடினோம். பெட்டைகளின் பின்னாலேயே மதில் தாண்டிப் போய், நேற்று மாலை அவர் பூட்டிய மோட்டார் ரூமுக்குள், இருட்டில் பொழுது விடிந்தது தெரியாமல் உட்கார்ந்திருந்தது. கதவைத் திறந்ததும் இருவரையும் கொத்தியது. எங்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வா. கூடை வேண்டாம். மதியத்துக்கு மீன் வாங்கியிருப்பேன்.